பூத்துப்போன கிளிஞ்சல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். அந்தக் கோபத்தில் சின்ன வயதில் நான் செய்த பெரிய பாவம், என் மாமாவைப் பொய்யன் என்றது.

மாமா அம்மாவின் தம்பி. எண்ணூரில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாயில் வேலை. அம்மா விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலில் கிடந்த ஒரு மழைக்காலத்தில், கடற்கரையோரம் கல்மண்டபம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு பை சுட்ட கிளிஞ்சலோடு வந்தார். அதைச் சட்டியில் கொட்டி, நடுவில் முட்டையைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றினார். அம்மாடி! புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. நெருப்பே இல்லாமல் முட்டை வெந்துவிட்டது.

"கிட்ட வராத கண்ணு, மேல தெறிச்சா வெந்துடும்" என்றார். அவர் அசந்த நேரத்தில் இரண்டு கை கிளிஞ்சலைத் திருடினேன். மூடி தொலைந்த பிஸ்கோத்து டப்பாவில் போட்டு, அம்மாவின் தலைமாட்டு ஜன்னலில் வைத்தேன். குளிர்க்காய்ச்சல் வந்தால் எத்தனை போர்வை போட்டாலும் அவளுக்கு உதறல் நிற்காது. இன்னொரு தடவை தாங்கமாட்டாள் என்று அக்கம்பக்கத்தில் கிசுகிசுத்தார்கள். அடுத்த உதறலுக்கு டப்பாவில் தண்ணீர் ஊற்றி அவள் காலடியில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கொய்னா மருந்துக்குப் பதினைந்து நாள் ஒதுங்கியிருந்த காய்ச்சல் திரும்ப வந்தது. அம்மாவுக்குப் பல் கிட்டியது. ஓடிப்போய்த் தண்ணீரை ஊற்றினேன். புஸ்ஸும் இல்லை, ஆவியும் இல்லை. வெள்ளை மாவு சில்லென்று கூழானது.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார். "நீ பொய்யன்! புளுகன்!" என்று கத்தினேன். அவர் டப்பாவை எட்டிப் பார்த்தார். "பூத்துப் பூட்சி கண்ணு" என்றார். பூவாம் பூ! அம்மா சாகக் கிடக்கிறாள், இவருக்குக் கேலியா? டப்பாவை அவர் மேலேயே வீசினேன். சட்டையெல்லாம் வெள்ளையாக, அவர் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தைத் தேய்த்தார். அம்மா பிழைத்துவிட்டாள். நான்தான் அவரோடு பேசுவதை விட்டேன்.

காலேஜில் ரசாயனம் சொல்லித் தந்த அம்மாள் ஒருநாள் கரும்பலகையில் ஒரு மேடும் பள்ளமும் வரைந்தார். பிரிந்திருக்கும் அணுக்கள் மேட்டில் நிற்கின்றன. ஒன்றோடொன்று சேரும்போது பள்ளத்தில் இறங்குகின்றன. இறங்கிய அளவுக்குச் சூட்டை வெளியே விடுகின்றன. சுட்ட கிளிஞ்சலும் தண்ணீரும் சேர்வது அப்படித்தான் என்றார். ஈரக்காற்றில் தானாகவே மெல்ல மெல்லச் சேர்ந்து மாவாகிவிட்டால், அதைத்தான் பூத்துப்போனது என்பார்களாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டப்பாவில் இருந்த சூடு எங்கும் தொலையவில்லை. பதினைந்து நாளும் அம்மாவின் தலைமாட்டில், கடற்காற்றின் ஈரத்தோடு சேர்ந்து சேர்ந்து, யாருக்கும் தெரியாமல் அந்த அறைக்கே வந்திருக்கிறது. மாமாவிடம் ஓடிப்போய்ச் சொல்லலாமென்றால், அவர் செத்துப்போய் அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.