தேன்சிட்டுக்கு ஜெர்மனில் என்ன?

இன்று ஜெர்மனியின் ஹம் நகரப் பூங்காவில், லாவெண்டர் பாத்திக்கு முன்னால் மூன்று பேர் தொலைநோக்கியோடு குனிந்து நின்றார்கள். சின்னதாய் ஒன்று பூவுக்குப் பூ தாவி, அந்தரத்தில் நின்றபடியே தேன் குடித்துக்கொண்டிருந்தது.

"கொலிப்ரியாக இருக்குமோ?" என்று அவர்களில் ஒரு ஜெர்மன் அம்மா எங்களிடம் கேட்டார். "உங்கள் நாட்டில் இருக்குமே?"

கொலிப்ரி என்றால் ஹம்மிங்பேர்ட். கூட வந்த வசந்தி அக்காவுக்கு ஜெர்மன் அவ்வளவாக வராது. இப்படி அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் குருவி ஊரில் இருக்கிறதா என்று தமிழில் கேட்டேன்.

"ஓம், எங்கட வீட்டுச் செவ்வரத்தம்பூவுக்கு ஒவ்வொரு நாளும் வாறது. தேன்சிட்டு."

நான் மொழிபெயர்த்தேன்: "கொலிப்ரியேதான். அக்கா வீட்டுக்குத் தினமும் வருமாம்."

அந்த அம்மா உடனே கணவருக்கு போன் எடுத்தார். முன்பெல்லாம் சேர்ந்தே பறவை பார்க்க வருவார்களாம். இப்போது அவர் படுக்கையில். "நான் கொலிப்ரி பார்த்துவிட்டேன்!" என்றபோது, அவர் மறுமுனையில் சிரித்தது எங்களுக்கும் கேட்டது.

அவர் போனை வைத்ததும், பக்கத்தில் நின்றவர் தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். தலையில் இரண்டு உணர்கொம்புகள்.

"பறவையே இல்லை. இது அந்துப்பூச்சி. கொலிப்ரி அமெரிக்கப் பக்கம் மட்டும்தான் இருக்கும்."

அந்த அம்மா கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்ப எடுக்கவில்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பஸ்ஸில் வசந்தி அக்கா கேட்டார்: "நான் தேன்சிட்டு எண்டுதானே சொன்னனான். கொலிப்ரி எண்டு சொல்லச் சொல்லி உனக்கு ஆர் சொன்னது?"

தேன்சிட்டுக்கு ஜெர்மனில் என்ன பெயர்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அந்தக் கணவருக்கு மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.