குப்பைமேட்டருகே ஒரு சஹன்

சுபஹுத் தொழுகை முடிந்து வெளியே வரும்போதுதான் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நான் வேலைசெய்யும் பிரதேச சபையின் சுற்றாடல் உத்தியோகத்தர் ஹனீபா சேர் மௌத்தாகிவிட்டார். படியிலேயே உட்கார்ந்தேன். தொடர்ந்து சபைத் தலைவரான தவிசாளரின் அனுதாபமும் வாசிக்கப்பட்டது. துக்கத்தை முந்திக்கொண்டு எனக்குக் கோபம் வந்தது.

ஊர்க் குப்பையையும் ஒரு தனியார் அரிசி ஆலையின் சாம்பலையும் சபை டிராக்டரில் ஏற்றி, சுனாமி வீட்டுத்திட்டத்துக்குப் பின்னால் கொட்டிவந்தார்கள். கிணறுகள் நாறின. பிள்ளைகள் ஓயாமல் இருமினார்கள்.

"குப்பைய எங்கயாவது கொட்டத்தானே வேணும்" என்பார் தவிசாளர்.

"ஓம். ஒங்கட வளவுக்குப் பின்னாலயும் எடம் கெடக்கே" என்பார் சேர், சிரிக்காமல்.

அறிக்கைகள் எழுதி அலுத்துப்போன சேர், தவிசாளரையும் ஆலை முதலாளியையும் அந்த வீட்டுத்திட்டத்திலிருந்த சித்தி ராத்தாவின் வீட்டுக் கந்தூரி விருந்துக்கு அழைத்துவந்தார். வாக்குக் கேட்கும் வாயால் தவிசாளருக்கு மறுக்க முடியவில்லை. இருவரையும் ராத்தாவின் கணவரோடு ஒரே சஹனில், ஒரு பெரிய தட்டைச் சுற்றி இருத்தினார். ஒரே தட்டில் கைபோட்டவர்கள், மற்றவர் முடிக்கும் முன் எழும்புவது எங்கள் ஊரில் பெரிய அவமரியாதை. ராத்தாவின் கணவரோ ஒவ்வொரு பிடியாக, அவசரமே இல்லாமல், ஆறுதலாகச் சாப்பிட்டார். சோற்றில் ஈ மொய்த்தது. முதலாளி லேஞ்சியால் மூக்கைப் பொத்தினார். தவிசாளர் எழும்பப் பார்த்தார்.

"இரிங்க, இவர் இன்னும் முடிக்கல்ல. இந்த மணத்துக்குள்ளதான் இவங்கட புள்ளையள் தினமும் சோறு திங்குதுகள்" என்றார் சேர்.

அந்தக் கிழமையே கொட்டுவது நின்றது. அடுத்த மாதம் சேரை நூலகத்துக்கு மாற்றினார்கள். டிராக்டர் திரும்பவும் அங்கேயே போகத் தொடங்கியது. அந்த வேதனையோடுதான் அவர் போய்ச்சேர்ந்தார்.

வெட்கம் கெட்டவர்கள், சபையின் குளிரூட்டிய மண்டபத்தில் அனுதாபக் கூட்டம் வைத்து அவரைச் 'சுற்றாடல் நீதியின் காவலர்' என்று புகழ்ந்தார்கள். மறுநாள் அந்தக் கூட்டத்தின் தண்ணீர்ப் போத்தல்களும் சாப்பாட்டுப் பெட்டிகளும் அதே இடத்தில் கொட்டப்பட்டன. சேரின் படம் போட்ட பதாகையும் அதற்குள் கிடந்தது.

"சேர்ர மொகத்தையும் சேத்துக் கொட்டிட்டாங்களே, மனே!" என்று அதைக் கழுவியபடி சித்தி ராத்தா என்னிடம் அழுதார்.

சபை ஊழியர் நலன்புரிச் சங்கத்தின் செயலாளர் நான். சேரின் நினைவாக ஓதிக் கொடுக்கும் கத்தச் சாப்பாடு என் பொறுப்பு. அதை ராத்தாவின் முற்றத்தில்தான் வைக்கிறேன். தவிசாளரும் முதலாளியும் வருவதாகப் பலர் முன்னிலையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் சஹனில் ராத்தாவின் கணவரோடு நானும் இருப்பேன்.

அல்லாஹ் உங்கள் கபுறுக் குழியை விசாலமாக்கட்டும், சேர். நிம்மதியாகப் போங்கள். நாங்கள் ஆறுதலாகச் சாப்பிடுவோம்.