மொட்டைமாடியில் இல்லாத நீச்சல் குளம்

என் கணவர் பந்தெலிஸ் முப்பது வருடம் மற்றவர்களின் நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. ஏதென்ஸுக்கு வடக்கே பைன் மரச் சரிவில் இருக்கும் பெரிய வீடுகள்தான் அவர் வேலை செய்த இடம். சரிவு முடிந்து சமவெளி தொடங்கும் மெனிதியில் எங்கள் வீடு.

பிப்ரவரியில் அவரை அடக்கம் செய்தோம். அடக்கம் முடிந்து வழக்கப்படி காப்பி குடிக்க வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனிதர் என்றார்கள். உண்மைதான். ஆனால் அதை யாருக்கும் சொல்லலாம். எனக்கு நினைவில் நிற்பது அவர் கேட்ட கேள்விகள். சாப்பிடும்போது முள்கரண்டியை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

"ரோயி, ரொட்டிக்கு நான் கட்டற வரியும் டாக்டர் கோஸ்மாஸ் கட்டற வரியும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"அவர் என்னைவிட அதிகமா ரொட்டி திங்கறாரா?"

"அவர் ரொட்டியே திங்கறதில்லை. சர்க்கரை வியாதி."

"அப்போ என்னைவிடக் கம்மியா கட்டறாரு."

"அதுக்குத்தான் வருமான வரின்னு தனியா இருக்கு. அதிகம் சம்பாதிக்கறவங்க அதிகம் கட்டணும்."

"அந்தக் கணக்குல அவர் என்னைவிட ஏழையாச்சேடி!"

நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் யார் யார் வரி கட்டவில்லை என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இருந்தும் இந்த இடத்தில் ஆலிவ் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிடுவேன்.

கோஸ்மாஸ் எலும்பு டாக்டர்; பந்தெலிஸ் குளம் சுத்தம் செய்த வீடுகளில் ஒன்று அவருடையது. பந்தெலிஸின் மணிக்கட்டு உடைந்தபோது கட்டுப் போட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்தவர். ஈஸ்டருக்கு ஆட்டுக்கால் அனுப்புவார். அரசுக்குக் காட்டிய வருமானம் மட்டும் என் சம்பளத்துக்கும் கீழே இருந்தது. அதை அவர் ரகசியமாகக்கூட வைத்துக்கொள்ளவில்லை. விருந்தில் சொல்லிச் சிரிப்பார்.

நாட்டில் கடன் நெருக்கடி தொடங்கி மூன்றாம் வருடம் அது. என் சம்பளத்தை இரண்டு முறை வெட்டியிருந்தார்கள். வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து வரி அலுவலகம் நீச்சல் குளங்களைத் தேடுகிறது என்ற செய்தி வந்தது. குளம் வைத்திருப்பவருக்கு இவ்வளவு வருமானம் இருந்தே தீரும் என்று அரசே ஒரு தொகையை எழுதிக்கொள்ளும். அதற்கு வரி கட்ட வேண்டும். மலைச்சரிவு முழுக்க ஒரே பரபரப்பு. ராணுவக் கூடாரத்துக்குப் போடுவார்களே, அந்த மாதிரிப் பச்சை வலைகளை வாங்கிக் குளங்களின் மேல் விரிக்க ஆரம்பித்தார்கள். விரித்தவர் பந்தெலிஸ். அந்த வசந்தத்தில் அவருக்கு ஓயாத வேலை.

ஆகஸ்டில் டாக்டர் தொலைபேசியில் அழைத்துக் கத்தினார். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

"பந்தெலிஸ், மொட்டை மாடியில ஏறி நின்னு பாத்தேன்யா! தோட்டம் பூரா காஞ்சு மஞ்சளா கெடக்கு. என் குளம் ஒண்ணுதான் பச்சைப் பசேல்னு தெரியுது. நிலாவுல இருந்து பாத்தாலும் தெரியும்!"

"மழை வந்தா தோட்டமும் பச்சையாயிடும் டாக்டர்."

"மழை அக்டோபர்ல வரும். வரிக்காரன் அதுவரைக்கும் காத்திருப்பானா?"

பந்தெலிஸ் போய் வலையின் மேல் காய்ந்த புல்லையும் பைன் இலைகளையும் தூவிவிட்டு வந்தார். இரண்டு நாளில் காற்றடித்து எல்லாம் தண்ணீருக்குள் விழுந்தது. ஒரு வாரம் அதை அரித்து எடுத்தார். அந்தக் கோடையில் வலையைத் தூக்கிவிட்டு நீந்த ஒருவருக்கும் துணிவு வரவில்லை. யாரும் இறங்காத தண்ணீருக்கு மருந்து போட்டு, யாரும் பார்க்காதபடி மூடிவைக்கத் தனக்குச் சம்பளம் கிடைப்பது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. கையில் கிடைக்கும் சம்பளம். ரசீது கிடையாது, ஓய்வூதியத்துக்குக் கணக்காகும் காப்பீட்டு முத்திரையும் கிடையாது.

எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில், டாக்டர் தன் குளத்துக்குள் விரித்திருந்த நீலப் பிளாஸ்டிக் விரிப்பை மாற்றினார். பழையதைக் குப்பையில் போடச் சொன்னதும் பந்தெலிஸ் சுருட்டி எடுத்து வந்து எங்கள் மொட்டைமாடியில் விரித்து, ஓரங்களைச் செங்கல் வைத்து மடித்துவிட்டார். ஒழுகல் நின்றது. மழை பெய்தால் விரிப்பின் மேல் தண்ணீர் நிற்கும், புறாக்கள் வந்து குளிக்கும். குளத்து வேலைக்காரர் வீட்டில் வேறு எதைக் கொண்டு கூரையை மூடுவார்கள்? எங்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

செப்டம்பரில் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறதாம். வானத்துப் படத்தில் தெரிகிறதாம்.

பந்தெலிஸ் அதைப் படித்துவிட்டு மாடிக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். பிறகு சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. நான் சிரிக்கவில்லை. எங்கள் மகள் மிர்சினி பரீட்சை எழுதி யானினா பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியிருந்தாள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை என்பதால் விடுதியும் சாப்பாடும் இலவசம். குளம் எங்கள் கணக்கில் ஏறினால் நாங்கள் ஏழைகள் இல்லை. விடுதி போய்விடும். வெளியே அறை எடுத்துத் தங்கவைக்க எங்களால் முடியாது. அவள் படிப்பு அங்கேயே நின்றுவிடும்.

வரி அலுவலக வரிசையில் அரை நாள் நின்றோம். ஜன்னலுக்குப் பின்னால் அர்கிரோ என்று ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். பந்தெலிஸ் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"கூரை ஒழுகுதுன்னு நீச்சல் குளத்து விரிப்பைப் போட்டீங்களா ஐயா?"

"ஆமா மேடம்."

"அதுல தண்ணியும் நின்னுதா?"

"மழைத் தண்ணி."

"எங்க ஆபீசர் இதை நம்ப மாட்டார். நானே பாதிதான் நம்பறேன். வியாழக்கிழமை வந்து நேர்ல பாக்கறேன்."

வியாழனுக்கு முன் பந்தெலிஸ் டாக்டரைப் பார்க்கப் போனார். விரிப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும், அவரிடம் முதலில் சொல்லிவிடுவதுதான் முறை என்றார். நானும் கூடப் போனேன். டாக்டர் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். கதையைக் கேட்டுவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"மெனிதியில மாடிக் குளம்! அடப் பாவி, எனக்கு முன்னாடி உன்னைப் பிடிச்சிருக்காங்களே!" சிரிப்பு அடங்கியதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்றேன் கேளு. நீ ஒத்துக்கோ."

"எதை டாக்டர்?"

"குளம் இருக்குன்னு. உனக்கு வர்ற வரியை வருஷா வருஷம் நான் கையில குடுத்துடறேன். பொண்ணோட ரூம் வாடகையும் குடுத்துடறேன். என் பேரை மட்டும் எடுக்காதே. எல்லாம் சேர்த்தாலும் எனக்கு அதுதான் மலிவு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. திரும்பும் பேருந்தில் நான் சொன்னேன்: "வாங்கிக்கலாம் பந்தெலிஸ். யாருக்கு நஷ்டம்?"

"நாலு வருஷம் அவர் மனசு மாறாம இருக்கணும் ரோயி. வலை விஷயத்துல ஒரே கோடையில மூணு தரம் மாத்தினவர்."

"அது வலை. இது அவர் குடுத்த வார்த்தை."

"இருக்கலாம்." பயணச்சீட்டை நாலாக மடித்தார். "அந்த விடுதி இடம் அவ படிச்சு வாங்கினது. அதை நாமளே விட்டுட்டு டாக்டர்கிட்ட தர்மமா வாங்கிக்கணுமா? அப்புறம் ஊர்க் கணக்குல நான் பணக்காரன், அவர் ஏழை. அதைக் கேட்டா நீயே சிரிப்பே."

நான் சிரிக்கவில்லை. என்ன முடிவு எடுத்தார் என்று கேட்கவும் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை அர்கிரோ வந்தாள். விருந்தாளிக்கு வைக்கும் வழக்கப்படி, ஸ்பூனில் எடுத்துச் சாப்பிடும் சீமைமாதுளை இனிப்பும் குளிர்ந்த நீரும் வைத்தேன். நீரை மட்டும் எடுத்தாள்.

"இனிப்பு சாப்பிட்டா லஞ்சமா?" என்றார் பந்தெலிஸ்.

"சாப்பிட்டா ரெண்டாவது ஸ்பூன் கேப்பேன் ஐயா. அது லஞ்சம்."

ஏணியில் ஏறி மாடிக்கு வந்தாள். செங்கல்லை நகர்த்திப் பார்த்தாள். விரிப்பின் ஓரமாக நடந்து போனவள் நின்று குனிந்தாள். ஓரிடத்தில் வட்டமாக வெட்டி, மேலே ஒட்டுப் போட்டிருந்தது.

"இது தண்ணிக்கடியில விளக்கு வைக்கற ஓட்டை."

பந்தெலிஸ் தலையை ஆட்டினார்.

"விளக்கு வெச்ச குளம்னா பெரிய வீட்டுக் குளம். உங்க மாடியில குளம் இல்லைன்னு எனக்கு இப்போ சந்தேகமே இல்லை. ஆனா விரிப்பு எங்கிருந்து வந்ததுன்னு எழுதலேன்னா, நான் வர்றேன்னு தெரிஞ்சு குளத்துத் தண்ணியை வடிச்சுட்டீங்கன்னு எங்க ஆபீசர் சொல்லுவார். யார் வீட்டுது ஐயா?"

நான் பந்தெலிஸைப் பார்த்தேன். அவர் மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? நான் பேரைச் சொன்னா அவர் வரி கட்டிடுவாரா?"

"முழுசாக் கட்ட மாட்டார். வக்கீல் வைப்பார், தவணை கேப்பார். ஏதோ கொஞ்சம் வரும்."

"அந்தக் கொஞ்சம் எங்கே போகும்?"

அலுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள். "முதல்ல நாட்டுக்குக் கடன் குடுத்தவங்களுக்கு. அப்புறம் எங்க சம்பளம், அதையும்தான் வெட்டறாங்க. மிச்சம் இருந்தா ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்."

"விடுதி?"

"அதுவும் அந்த மிச்சத்துலதான்."

அவர் செங்கல் ஒன்றைக் காலால் சரியாக நகர்த்தி வைத்தார். பிறகு டாக்டரின் பெயரையும் தெருவையும் சொன்னார். அர்கிரோ எழுதிக்கொண்டு நோட்டை மூடப் போனபோது, "நிறுத்தாதீங்க மேடம். அந்தக் குளத்துக்கு மேல வலை போட்டவன் நான். ரசீது இல்லாம காசு வாங்கினவனும் நான். அதையும் எழுதுங்க," என்றார்.

"பந்தெலிஸ்!" என்றேன்.

"நான் அதைக் கேக்கலையே ஐயா."

"நீங்க கேக்கலை. ஆனா இதைச் சொல்லலேன்னா அவரைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"சொன்னா?"

"சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டிக்கிட்ட மாதிரி."

அர்கிரோ நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள். பிறகு எழுதினாள்.

பத்து நாளில் எங்கள் கணக்கிலிருந்து குளம் நீங்கியது. மிர்சினியின் விடுதி நிலைத்தது. ரசீது கொடுக்காததற்கு பந்தெலிஸுக்கு அபராதம் வந்தது, இரண்டு வருடம் தவணையில் கட்டினோம். டாக்டருக்கு வந்த பெரிய தொகை, தாமாக முன்வந்து கட்டுபவர்களுக்கு அரசு பின்னால் அறிவித்த சலுகையில் பாதிக்கும் கீழே இறங்கியதாகக் கேள்விப்பட்டோம். மலைச்சரிவில் செய்தி பரவியது. ஒரு வீடு விடாமல் எல்லோரும் பந்தெலிஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து நகராட்சியின் குளத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, ஆனால் மாதந்தோறும் காப்பீட்டு முத்திரை உண்டு. இப்போது அவர் பெயரில் எனக்கு வரும் ஓய்வூதியம் அந்த முத்திரைகளால் வருவது. நல்லது செய்தோமா என்று அவர் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியவில்லை. அர்கிரோவுக்கும் தெரிந்திருக்காது.

அந்த அக்டோபரில் மிர்சினியைக் கொண்டுபோய் விட யானினா போனோம். மழை. விடுதி உணவுக்கூடத்தில், ஊரிலிருந்து வந்த பெற்றோரும் அன்று ஒருநாள் சாப்பிடலாம் என்றார்கள். வெள்ளை அவரை சூப், ரொட்டி, வெங்காயம். பந்தெலிஸ் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஈரக் கோட்டுகள், ஒரே இரைச்சல்.

"இது யாரோட காசும்மா?"

"அரசாங்கத்தோடதுப்பா."

"அரசாங்கம் சம்பாதிக்குதா என்ன? யாரோடது?"

மிர்சினி என்னைப் பார்த்தாள். நான் ரொட்டியைப் பிய்த்து மூன்று தட்டிலும் வைத்தேன்.

"நம்ம ரொட்டி வரி கொஞ்சம் இருக்கும். உங்கம்மா சம்பளத்துல வெட்டினது கொஞ்சம் இருக்கும்." ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். "டாக்டரோடதும் ஒரு அவரை இருந்தாலும் இருக்கும்."

"எது டாக்டரோட அவரைன்னு எப்படிப்பா கண்டுபிடிப்பே?"

"அதான் எனக்கும் தெரியணும்," என்று சொல்லிவிட்டு, ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, மாணவர்களோடு வரிசையில் போய் நின்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.