சுவரில் அஞ்சம்மாள்

கும்மிடிப்பூண்டி ஞாயிற்றுச் சந்தைக்கு மாதம் ஒரு போஸ்டர் உண்டு. ஊர்ப் பிள்ளைகளே வரைவார்கள். தக்காளி, வெண்டை, பனங்கிழங்கு என்று இதுவரை காய்கறிதான். காய் வாங்குகிறவர்களுக்குச் சுருட்டிக் கொடுப்பார்கள். ஒரு மாதம்கூட விடாமல் சேர்த்து வைப்பவர்கள் இருந்தார்கள். மார்கழிக்குக் கீரைக்காரி அஞ்சம்மாளின் முகத்தையே வரையப் போவதாக, வரைகிறவர்களில் ஒருத்தியான ஹெலன் வந்து நின்றாள்.

"என் மூஞ்சிய எவன்டி ஊட்ல ஒட்டுவான்? கொயந்தைங்க பயப்படும்."

"சும்மா குந்து பெரிம்மா. சிப்காட் கேட்டு வரிக்கும் ஒட்டப் போறோம்."

அதைக் கேட்டதும் அஞ்சம்மாள் தண்ணீர் தொட்டுத் தலையைச் சீவிக்கொண்டாள். அவள் மகன் மோகன்ராஜுக்குச் சிப்காட் தொழிற்பேட்டையில்தான் வேலை.

கூட வேலை செய்த கிறிஸ்டினாவைக் கட்டிக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்ற அன்று, அஞ்சம்மாள் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து கத்தியிருந்தாள். "என் சாவுக்கு வா. அதுக்கு முன்னாடி வராத!" கோபத்தில் சொன்னது. அவன் அதையே பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் இருந்த ஆரம்பாக்கம் பக்கமே வரவில்லை. பேத்தி பிறந்ததைக்கூட சந்தைக்கு வரும் ரயிலில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. போய்ப் பார்க்க மனசு அடித்துக்கொண்டது; அப்படிச் சொன்ன வாயோடு போகக் கால் வரவில்லை. படத்தைப் பார்த்தாவது வருவான் என்று நினைத்தாள்.

ஹெலன் கறுப்பு வெள்ளையில் அழகாகத்தான் வரைந்தாள். தாள் நிறைய முகம். கீழே, 'கீரை அஞ்சம்மாள், ஆரம்பாக்கம்'. அடியில் பொடி எழுத்தில் சந்தையின் பெயர். நம் ஊர்ப் பக்கம் சுவரில் ஒருவர் முகமும் பேரும் ஊரும் ஏறினால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"செவுத்துல ஏறிட்ட, எலெக்சன்ல நிக்கிறியா?" என்று பக்கத்துக் கடை மணவாளன் சிரித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, சந்தை வாசலில் பைக் வந்து நின்றது. மோகன்ராஜ் கையில் ரோஜா மாலை. பின்னால் கிறிஸ்டினா, இடுப்பில் குழந்தை. அவன் கண் வீங்கியிருந்தது.

"எங்கம்மாவ எப்பக்கா எடுக்கறாங்க?" என்று வாசலில் நின்ற ஹெலனைக் கேட்டான். அவள் கீரைக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

முருங்கைக்கீரை கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வா நைனா."

அவன் அவளையே பார்த்தான். அழுத முகம் மெல்ல இறுகியது.

"சாவுக்குத்தான் வரச் சொன்ன. அத்தயும் பொய்யா ஒட்டிக் கூப்புடுவியா?"

"நான் இல்லப்பா, அது கீரைக்கு..."

அவன் கேட்கவில்லை. மாலையைக் கீரை பரப்பிய சாக்கின் ஓரத்தில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். கிறிஸ்டினா மட்டும் தயங்கி நின்றாள்.

"நாஷ்டா துன்னீங்களா அத்த?"

பைக் உறுமியது. அவளும் போனாள். தோளுக்கு மேலாகக் குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது. நெற்றி அப்படியே அஞ்சம்மாளின் நெற்றி.

"அந்த மாலையத் தூக்கி எறி, அபசகுனம்" என்றார் மணவாளன். அவள் மறுபடி கீரை கட்ட உட்கார்ந்தாள். வெயில் ஏறியதும் வழக்கம்போல் சொம்பை எடுத்துக் கீரைக்குத் தண்ணீர் தெளித்தாள். கை அப்படியே நகர்ந்து மாலைக்கும் தெளித்தது.