ஏரிக்கரையில் பேர் சொல்லக் கூடாது

அத்தை கை தட்டினால் நிற்க வேண்டும். கொரட்டூர் ஏரிக்கரையில் நான் முன்னால் ஓடிக்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து இரண்டு தட்டு கேட்கும். வறண்ட, கெட்டியான சத்தம். பாடியில் ஒரு தொழிற்சாலையில் வாரமெல்லாம் இரும்புச் சாமான்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிய கைகள் அவை. சத்தம் கேட்டதும் நான் நின்றுவிடுவேன். நிற்க மட்டும்தான் வேண்டும், திரும்பக் கூடாது. அத்தை நடந்து வந்து என் தோளைத் தொட்ட பிறகுதான் முகத்தைக் காட்டலாம். அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

அப்பாவின் தங்கை அவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயில் இறங்கியதும் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ரயில் பாதையை ஒட்டிய சந்தில் நடந்து, மண்சரிவில் ஏறினால் கரை. ஒரு பக்கம் தண்ணீர், அதன் ஓரத்தில் ஆள் உயரக் கோரை. மறுபக்கம் சீமைக் கருவேலங்காடு; பகலிலும் உள்ளே இருட்டாகத்தான் இருக்கும். நாமக்கோழிகள் வெள்ளை நெற்றியோடு மிதந்துகொண்டிருக்கும். பாதி தூரத்தில் ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய மதகு. அதைத் தாண்டினால் கால்வாயை ஒட்டி ஒற்றையடிப் பாதை. அங்கே தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருக்காது. என்னை இறங்கி விளையாட விடுவாள். சின்னக் கால்கள் நடக்கக்கூடிய, கஷ்டமில்லாத வழிதான். ஆனால் மதகு வரும்போது மட்டும் அத்தை பேச்சை நிறுத்திவிடுவாள். என் உள்ளங்கையைப் பிடிக்க மாட்டாள், மணிக்கட்டைப் பிடிப்பாள். கால்வாய்ப் பாதையில் இறங்கிய பிறகும் மணிக்கட்டில் அவள் விரல்களின் தடம் சிவப்பாக இருக்கும்.

மற்றபடி வாய் ஓயாது. நான் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தால், "தூக்கிகினு போறதுக்கு நான் இன்னா ஷேர் ஆட்டோவா? ஏந்திரி பாப்பா" என்பாள். எப்போதும் பாப்பாதான். என் பேரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "உம் பேரு நீளம். சொல்லி முடிக்கறதுக்குள்ள ஏரி வத்திப்பூடும்" என்றாள். மூன்றெழுத்துப் பேர் என்னுடையது.

ஒரு சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. கரையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், தூரத்தில் விளையாடிய தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டாள். அத்தை அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏம்மே, கர மேல நின்னுகினு புள்ள பேர கூவாத. தண்ணி கேட்டுக்கும்."

அந்தப் பெண் சிரித்தாள். "தண்ணிக்கு காது கீதா? எந்த ஸ்கூல்ல சொல்லிக் குட்த்தாங்க உனுக்கு?"

"சிரி, நல்லா சிரி. கூப்டறதுக்கு முன்னாடி அதும் காலு எங்க கீதுன்னு பாரு" என்றாள் அத்தை. பிறகு வீடு வரும்வரை என் மணிக்கட்டை விடவில்லை. அன்றைக்கு நான் தண்ணீரைத்தான் பயத்தோடு பார்த்துக்கொண்டு வந்தேன். அத்தையைப் பார்க்கவில்லை.

அத்தை இறந்தபோது என் மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே அம்மா சொன்னாள். அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தானாம். அத்தைக்கும் இளையவன். மதகுச் சுவரின் மேல் நடப்பது அவனுக்குத் தினசரி வேடிக்கை. பூனை மாதிரி நடப்பானாம். ஒருநாள் சாப்பிடக் கூட்டிவர அத்தை போனாள். கரையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"திரும்பிப் பாத்தான். அவ்ளோதான்" என்றாள் அம்மா. "உங்கப்பா என்கிட்ட ஒரே ஒரு தடவ சொன்னாரு. அதுக்கப்புறம் அந்தப் பேர இந்த வீட்ல யாரும் எடுத்ததில்ல."

அந்தப் பையனின் பேர் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது என் வாயில் வந்து உட்கார்ந்துவிடும் என்று தோன்றியது.

நான் வேதியியல் படித்தவள். தண்ணீருக்குக் காது இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்குக் காது இருக்கிறது. கூப்பிட்டால் கழுத்து திரும்பும், கழுத்து திரும்பினால் கால் இடறும். இதை எந்தப் படிப்பை வைத்து மறுப்பது? அன்றிலிருந்து மகளின் பேர் என் தொண்டையோடு நின்றுபோயிற்று. குட்டி, அம்மு, பட்டு, தங்கம் என்று எல்லாம் வந்தது, அது மட்டும் வரவில்லை. மாடிப்படியில் இருந்தால் வராது, சாலையோரத்தில் வராது. பிறகு கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட வரவில்லை. என் கணவரும் என்னைப் பார்த்து அவளைக் குட்டி என்றே கூப்பிடப் பழகிவிட்டார். மாலை நடைக்கு அவளை அதே கரைக்குக் கூட்டிப்போவேன். இப்போது அங்கே கல் பதித்த நடைபாதை, சில இடங்களில் கம்பிவேலி, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேகமாக நடப்பவர்கள். அவர்கள் நடுவில் நான் கை தட்டுவேன். அவள் நிற்பாள். சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். என் கைத்தட்டலும் அதே வறண்ட சத்தமாக இருப்பது முதல்நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

போன மாதம் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். எல்.கே.ஜி. மிஸ் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"பயப்படாதீங்க மேடம், ஒண்ணும் ஆகல. ஸ்கூல் விடுற நேரத்துல கேட் தாண்டி ரோட்டுக்கு எறங்கிட்டா. ஆட்டோ வேற வந்துட்டிருந்துச்சு. நான் பேர் சொல்லிக் கத்துறேன், கத்துறேன், திரும்பவே இல்ல. ஆயாம்மாதான் ஓடிப்போய்ப் புடிச்சாங்க. கிளாஸ்லயும் அப்படித்தான். காது டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்களேன்."

அம்பத்தூரில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். காதில் எந்தக் குறையும் இல்லை. "வீட்ல எப்படிக் கூப்புடுவீங்க?" என்று கேட்டார் மருத்துவர். கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாசக்கணக்கா சண்ட போட்டு இவதான் பேர் வெச்சா டாக்டர். கூப்புடத்தான் ஆளில்ல." மருத்துவரும் சிரித்தார். திரும்பிப் பார்த்ததால் ஒரு பிள்ளை போனான். திரும்பிப் பார்க்காமலேயே இன்னொரு பிள்ளை போயிருப்பாள். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

அடுத்த ஞாயிறு கரைக்குப் போனோம். வீட்டிலேயே கூப்பிட்டுப் பழகியிருக்கலாம். ஆனால் இங்கே சொல்ல முடியாவிட்டால் எங்கேயும் என்னால் சொல்ல முடியாது என்று பட்டது. மதகைத் தாண்டி, பாதை அகலமாக இருக்கும் இடத்துக்குப் போனேன். வேலி இருக்கிறதா, தரை ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடி பார்த்தேன். அவள் குனிந்து ஒரு நத்தையைக் குச்சியால் நகர்த்திக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை குரல் எழும்பியது. கோரைக்குள்ளிருந்து ஒரு நாமக்கோழி சலசலத்து விலகியது. அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய், இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு என்னை.

"என்னயா கூப்ட்ட?"

"உன்னத்தான்."

அவளுக்கு அது பிடித்துவிட்டது. "இரு, இன்னொரு தடவ கூப்டு" என்று கொஞ்ச தூரம் ஓடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கூப்பிட்டேன். துள்ளித் திரும்பினாள். "மறுபடி" என்று இன்னும் தூரம் போனாள். கூப்பிட்டேன். அவள் சிரிப்பது கேட்டது. நேரம் போகப் போகத் தண்ணீர் கறுத்தது, அவள் விடவில்லை. எத்தனையோ முறை அந்தப் பேரைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவள் முகம் என் பக்கம் வந்தது. ஒருமுறைகூட நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.