பன்னீர் ரோஜாப் பாத்தியில் வெறுங்கால்

முதலில் ஒரு நாற்றம்தான் வந்தது.

ஐப்பசி மழை விட்ட காலை. ரோஜாப் பாத்தியில் வேப்பம் புண்ணாக்கு ஊறிக் கிடந்தது. அந்தக் கசப்பு வாடையையும் மீறி, ஏதோ செத்துக் கிடப்பது போன்ற ஒரு நாற்றம். எலியாக இருக்கும் என்று ஒவ்வொரு செடியின் தூரையும் கிளறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்றமும் வந்து உட்கார்ந்தது.

"எலி வீட்டுக்குள்ளயா செத்துச்சு?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள் என் மனைவி வசந்தா. பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். அரிசி மூட்டையை நகர்த்தினாள். கடைசியில் என் முன்னால் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க, கால இங்கிட்டு நீட்டுங்க."

வலது பெருவிரலுக்கு அடியில், ஊறிய புளி போலக் கறுத்து ஒரு குழி. நடுவில் ஒடிந்த ரோஜா முள். எத்தனை நாளாக அங்கே இருந்ததோ, கால் என்னிடம் சொல்லவே இல்லை.

எனக்குப் பதினோரு வருடச் சர்க்கரை. நியூரோபதி (பாத நரம்புகள் உணர்வை இழப்பது) தொடங்கிவிட்டது, வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். போட்டேன். அடுப்படியில், குளியலறையில், கீரனூரிலிருந்து வேலைக்குப் போகும் திருச்சி பஸ்ஸில், எங்கும். பாத்தியில் மட்டும் போடவில்லை. தெருக்கோடி மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் பன்னீர் ரோஜாவில்தான். சாமிக்குப் போகிற பூவைக் குளித்துவிட்டு வெறுங்காலோடுதான் பறிப்போம். அந்த மண்ணில் செருப்பு படக் கூடாது. கவாத்து பண்ணி வெட்டிப்போட்ட முள் குச்சிகளைப் பொறுக்கும்போதும் அப்படித்தான்.

"செருப்பு போட்டீங்களா சார்?" என்று கேட்டார் டாக்டர்.

"போட்டேன் டாக்டர்."

"பொய் சொல்லாதீங்க," என்றாள் வசந்தா. "பாத்தியில போடல டாக்டர். ஆத்தாவுக்குப் போற பூவாம். ஏங்க, ஆத்தா ஒங்ககிட்ட மாலையக் கேட்டாளா, காலக் கேட்டாளா?"

டாக்டர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

கேங்ரீன் (ரத்த ஓட்டம் நின்று தசை அழுகுவது) என்றார். விரல் போகும். "அதுக்கு மேல எவ்வளவுன்னு தெறந்து பாத்துத்தான் சொல்ல முடியும். நல்ல ரத்தம் வர்ற எடம் வரைக்கும் எடுக்கணும். கொஞ்சம் விட்டாலும் மேல ஏறிடும்."

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. ரோஜாவில் நுனிக்கருகல் வந்தால் நான் செய்வதும் இதுதான். கறுப்புக்குக் கீழே வெட்டுவேன். வெட்டிய இடத்தில் பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே. வெள்ளை தெரிகிற வரை கீழே, கீழே. சில செடிகளில் கத்தரி தரை வரைக்கும் வந்துவிடும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அந்தச் செடிகளை எண்ணத் தொடங்கினேன்.

பாதத்தின் முன்பாதி போயிற்று. இப்போது தினமும் தரையில் கண்ணாடி வைத்து இடது உள்ளங்காலைப் பார்க்கிறேன். அதுவும் பேசாத கால்தான். நாட்கள் எனக்குக் கிழமைகளாக வருவதில்லை. கட்டுப் பிரிக்கிற நாள், பிரிக்காத நாள் என்று வருகின்றன. இதை எழுதும் இந்த நிமிஷத்திலும் என் உடம்பில் எனக்குத் தெரியாமல் ஏதோ நடந்துகொண்டிருக்கலாம். உங்களுக்கும் சர்க்கரை இருந்தால், பாருங்கள். கண் மங்கலென்றால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கவில்லையே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

விரலை எடுக்கப் போன அன்று, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் கொஞ்ச நேரம் நின்றது. நர்ஸ் அவிழ்த்துக் கொடுத்த என் அரைஞாண் கயிற்றை விரலில் சுற்றியபடி வசந்தா பக்கத்தில் நின்றாள்.

"எவ்வளவு எடுப்பாங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன். அவருக்கே தெரியலங்க."

கதவு திறந்தது. அவள் என் காதருகே குனிந்தாள்.

"மயக்கம் தெளிஞ்சதும் போர்வையத் தூக்கிப் பாக்காதீங்க. மொதல்ல என் மூஞ்சியப் பாருங்க. நான் சொல்றேன்."