பந்தியில எல்லாரும் உக்காந்தாச்சி, ஒரு எலை காலி

சோத்துக்கடை போட்டவ ஊர் பசியெல்லாம் பாப்பா, அவ சோறு மட்டும் ஆறிக் கெடக்கும். கடை வெச்சிருக்கிறவங்களே, உங்களுக்குத் தெரியாததா? மலை மேல ஜமுனாமரத்தூர் பஸ் நிக்கற எடத்துல எனக்கும் ஒரு கடை. சாமைச் சோறு, கொள்ளுக் கொழம்பு, புளித் தொக்கு.

உப்பு பாக்கறவ

எங்க வூட்டுல ஒரு வழக்கம். புது சாமைய பொங்கி சாமிக்குப் படைச்சி, வூட்டு ஆளுங்க அத்தன பேரும் ஒண்ணா உக்காந்தாதான் வாயில வெப்போம். விக்கலாம், திங்கக்கூடாது. என் பொண்ணு அலமேலு வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனில தைக்கறா. அறுப்பு முடிஞ்சும் அவ வரல. அதனால கடையில உப்பு பாக்கறது பக்கத்து வூட்டு கமலா. அவளுக்கு எதுவுமே உப்பு பத்தாது, மாமியாரோட சண்ட போட்டா இன்னும் பத்தாது. அந்தக் கதைய வுடுங்க.

என் கல்யாணத்துல சாமை போட்டா கீழ்நாட்டு சம்பந்தி சிரிப்பாங்கன்னு எங்கப்பா நெல்லுச் சோறு போட்டாரு. இப்ப அதே சாமைக்கு மெட்ராஸ்லருந்து கார் போட்டுகினு வர்றாங்க. ஒரு அம்மா ரெண்டாந்தரம் வாங்கித் தின்னுட்டு, "இந்த வருஷ சாமை எப்படி பாட்டி?"ன்னு கேட்டுச்சி. நான் இன்னும் வாயில வெக்கலம்மான்னேன். எலையவே ஒரு மாதிரி பாத்துச்சி.

"சமைச்சவங்களே சாப்பிடாததையா எனக்குப் போட்டீங்க?"

பாய் கொண்டாந்த சேதி

புளி வாங்க வர்ற ஜாபர் பாய், அலமேலு கம்பெனி வழியாத்தான் போவாரு. அவரு டெம்போ ஒரு நாள் ஏத்தத்துல நின்னு, நாங்க பொம்பளைங்களே தள்ளினோம்... சரி, அத வுடுங்க. அவரு கையில தொக்கு குடுத்தனுப்பிட்டு, ஏன் வரலன்னு கேட்டு வாங்கன்னேன். அடுத்த தடவ வந்து சொன்னாரு, வெளிநாட்டு ஆர்டர் கொறஞ்சிப்போச்சாம், லீவு கேக்கறவங்களத்தான் மொதல்ல நிறுத்தறாங்களாம். "ஆளு எப்படி கீறா பாய்?"ன்னேன். அவரு கொஞ்ச நேரம் புளியவே கிளறினாரு.

"நல்லாத்தான் கீதும்மா. டீ குடிக்கறப்ப மட்டும் மலை தெரியாத பக்கமா திரும்பி உக்காருது."

கேமராவுக்கு ஒரு வாய்

எங்க சாமைய பாக்கெட் போட்டு விக்கற கம்பெனிக்காரங்க வீடியோ எடுக்க வந்தாங்க. கேஸ் அடுப்ப மறைச்சாங்க, பிளாஸ்டிக் கொடத்த மறைச்சாங்க, கமலாவ நைட்டியோட மறைச்சாங்க. அப்பறம், "பாட்டி, புது அறுவடைய மொத வாய் சாப்பிட்டு சிரிங்க"ன்னாங்க. இன்னாடா பண்றதுன்னு உள்ள போய், பழைய பானை அடியில கெடந்த போன வருஷ சாமைய பொங்கியாந்தேன். போன வருஷம் அத தின்னப்ப அலமேலு பக்கத்துல உக்காந்து, என் எலையிலருந்தே அள்ளித் தின்னா. அந்த நெனப்புல ஒரு வாய் வெச்சேன். கண்ணு கலங்கிடுச்சி. கேமராக்காரப் பையன் துள்ளிக் குதிச்சான்.

"சூப்பர் பாட்டி! புது சாமையோட ருசி மூஞ்சிலயே தெரியுது!"

போன் வந்திச்சி

வீடியோ ஊரெல்லாம் சுத்தி அவ போனுக்கும் போயிடுச்சி. நேத்து சாயங்காலம் கடை கழுவறப்ப கூப்ட்டா.

"நான் இல்லாம தின்னுட்ட இல்ல?"

"அது போன வருஷத்துதுடி. புதுசு பானையில அப்படியே கீது."

"பொய் சொல்லாத. இன்னாத்துக்கு அழுத அப்ப?"

"நீ என் எலையில கை வெக்கல, அதான்."

அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சற சத்தம் கேட்டுச்சி.

"நிறுத்தினா நிறுத்தட்டும்மா, ஞாயித்துக்கெழம மொத பஸ்ல வர்றேன், ஒலை வெச்சி வை."

நான் புது சாமை தின்னத ஊரே பாத்துடுச்சி, நான்தான் இன்னும் தின்னல.